மீன் தொட்டிக்கு உறை ஊற்றியவர்

ஊருக்குக் கிளம்பும்போது மனைவி அவரிடம் சொன்னது மூன்றே விஷயம்.

"காலையில ஒரு சிட்டிகை தீனி போடுங்க. சாயங்காலம் லைட்டை அணைங்க. மத்தபடி ஒண்ணும் பண்ணாதீங்க."

முதல் இரண்டும் யாராலும் முடியும். மூன்றாவதுதான் வம்பு. மலையைப் புரட்டு என்றால் மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். சும்மா இரு என்றால் முடியாது. இது தெரிந்துதான் அந்த அம்மாள் மூன்றாவதை வாசலில் ஒரு தடவை, ஆட்டோவில் ஏறிய பிறகு ஒரு தடவை, பஸ் ஜன்னல் வழியாக ஒரு தடவை சொன்னாள். அவரும் மூன்று தடவையும் தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆவி அண்ணன் என்று பெயர். சத்தமில்லாமல் நடப்பதால் வைத்த பெயர் என்று நினைத்து, புதிதாக வரும் நர்ஸ் பெண்கள் கொஞ்ச நாள் பயந்துகொண்டு திரிவார்கள். விஷயம் அதுவல்ல. ஆப்பரேஷனுக்குப் போகிற கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி, துணி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பச்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, நீராவி இயந்திரத்தில் வைத்து, ஒரு கிருமிகூட இல்லாமல் அனுப்புகிற அறையில் அவருக்கு வேலை. முப்பது வருஷமாக அந்த ஆவியில் வெந்துகொண்டிருக்கிறார். சுத்தம் சோறு போடும் என்று எல்லாரும் சும்மா சொல்கிறார்கள். இவருக்கு நிஜமாகவே போட்டது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு சம்பவம் நடந்தது. ஆப்பரேஷன் அறையிலிருந்து அவசரம் அவசரம் என்று கத்தினார்கள் என்பதற்காக, இயந்திரம் நிற்க இன்னும் மூன்று நிமிஷம் இருக்கும்போதே ஒரு தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த நோயாளிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. ஒரு மாதம் படுக்கையில் கிடந்து, பிறகு நல்லபடியாக வீட்டுக்கு நடந்து போனார். ஆயிரம் காரணம் இருக்கலாம் என்றார் டாக்டர். ஒருவரும் இவரைக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்த ஒரு மாதமும் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தக் கட்டில் பக்கம் போய் நின்றுவிட்டு வருவார். அதற்குப் பிறகு எந்தத் தட்டையும் குறித்த நேரத்துக்கு ஒரு நொடி முன்னால் எடுத்ததில்லை.

இந்த மனிதர் வேலையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுக்கும் கொண்டுவந்தார். கதவுக் கைப்பிடி, சுவிட்சு, செருப்பின் அடிப்பாகம் எல்லாவற்றுக்கும் தினசரிக் கழுவல் உண்டு. மனைவி ஒரு பூச்செடி வைத்தாள். மண்ணில் புழு இருக்கிறது என்று மண்ணை மாற்றிக் கழுவிய கூழாங்கல்லைப் போட்டார். செடி என்ன செய்யும், போய்விட்டது. மகள் பிறந்தபோது மனைவியின் அக்கா ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஜன்னல் வழியாகக் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்த அக்கா இன்றைக்கும் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. மகளோடு பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தோழிகள் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஒரு தடவை வந்தவர்கள் மறுதடவை வரவில்லை.

இப்போது அந்த மகளுக்கே குழந்தை. இரண்டு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. போனில் அவள் சொன்னதை ஸ்பீக்கரில் இவரும் கேட்டார்.

"அம்மா, நீ உடனே வா. அப்பா மூணு மாசம் கழிச்சு வரட்டும். என் பிள்ளையை நாலு பேர் தூக்கணும், கொஞ்சணும். அப்பா வந்தா ஒருத்தரும் பக்கத்துல வர முடியாது."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். அன்று கேஸ் அடுப்பைக் கழற்றி முழுக்கக் கழுவினார்.

மனைவிக்கே மனசு கேட்கவில்லை. பெட்டி கட்டிக்கொண்டே சொன்னாள். "இந்த மீனுங்க நான் வர்ற வரைக்கும் உயிரோட இருக்கட்டும். உங்ககிட்ட விட்டுட்டு வந்தும் பொழச்சிருக்குன்னு அவகிட்ட சொல்றேன். பேத்தியைத் தூக்கக் கூப்பிடச் சொல்றேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டார்.

மீன் தொட்டி வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. அந்த அம்மாள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்துக் கண் பூத்துப்போய், ஊசியிலிருந்து தலையைத் தூக்கினால் அசைகிற பொருள் ஒன்று வேண்டும் என்று இரண்டடித் தொட்டி வாங்கித் தையல் மிஷினுக்கு எதிரே வைத்திருந்தாள். அடியில் கூழாங்கல், மூலையில் தண்ணீரை உறிஞ்சிப் பஞ்சு வழியாக விடும் பெட்டி, மேலே மூடி. ஆரஞ்சு நிற மோலி இரண்டு, வால் விசிறிக்கொண்டு திரியும் கப்பி மூன்று, கறுப்பு மோலி ஒன்று, ஆக ஆறு மீன். கறுப்பு எதையும் செய்யாமல் எல்லா மூலைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் தொட்டியின் முன்னால் நின்றார். மூன்று நாள் பழைய தண்ணீர். அதிலேயே தின்று, அதிலேயே வெளிக்குப் போய், அதிலேயே மூச்சு விடுகின்றன. அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஒண்ணும் பண்ணாதே என்றால் கெடுதல் ஒன்றும் பண்ணாதே என்றுதானே அர்த்தம், நல்லது செய்தால் என்ன என்று தனக்குத்தானே ஒரு நியாயம் பேசிக்கொண்டார். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டார். எட்டுத் தவணை. மீன்களை ஒரு மக்கில் பிடித்துப் போட்டு, பழைய தண்ணீரைக் கொட்டி, கிருமியற்ற தண்ணீரை நிரப்பினார். தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆறு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது என்று மூன்று சிட்டிகை தீனி போட்டார். மறுநாள் காலையில் ஆரஞ்சு மோலி ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

மீன் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"கொதிக்க வச்ச தண்ணியில காத்து ஏது சார்? அதுங்க தீனியா கேட்டுச்சு? மூச்சு கேட்டுச்சு."

"எனக்குத் தெரியாதுங்க."

"அந்த ஆஸ்பத்திரி சார் நீங்கதானா? உங்க வீட்டம்மா வாங்கும்போதே சொன்னாங்க, எங்க வீட்டுக்காரர் வந்து எதாவது மருந்து கேட்டா கொடுக்காதீங்கன்னு." கடைக்காரர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "குழாய்த் தண்ணியைப் பிடிச்சு ஒரு நாள் வாளியில வைங்க. கால்வாசி மட்டும் மாத்துங்க. அப்புறம் கையை எடுங்க சார், தயவு செஞ்சு."

கையை எடுத்தார். இரண்டு நாள் எடுத்தார். நாலாம் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், தண்ணீர் அரிசி கழுவிய மாதிரி வெள்ளையாகக் கலங்கியிருந்தது. முப்பது வருஷ அனுபவத்தில் தெளிவான ஒன்று வெள்ளையாகக் கலங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிருமி. சட்டையைக்கூட மாற்றவில்லை. கூழாங்கல்லை அள்ளி வெந்நீரில் போட்டார். கண்ணாடியைத் தேய்த்தார். பஞ்சில் வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. அதை இருபது நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக் கொதிக்க வைத்தார். எல்லாம் முடிந்து தொட்டி மறுபடி பளபளத்தபோது, ஒரு ஆப்பரேஷனுக்குத் தட்டு அனுப்பிய நிம்மதி வந்தது. அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

ஆறாம் நாள் இரண்டு கப்பி போயின. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதை என்பது அவருக்கே புரிந்தது. ஆனால் எங்கே ஊதினோம் என்பதுதான் புரியவில்லை. அழுக்கு சேருவதால் சாகின்றன என்று தினமும் பஞ்சை மட்டும் கொதிக்க வைத்தார். எட்டாம் நாள் இரண்டாவது ஆரஞ்சு மோலி துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. அள்ளிக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையில் இரண்டு தடவை துள்ளிவிட்டு அடங்கியது. வேறு எப்படி என்று தெரியாததால் அதை ஒரு பச்சைத் துணித் துண்டில் நான்கு மூலையும் மடித்து, ஆப்பரேஷன் பொட்டலம் கட்டுவது போலவே கட்டினார். அப்போது அழுகை வந்தது. ஐம்பத்துமூன்று வயது ஆம்பிளை, ஒரு விரல் நீள மீனுக்காகத் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.

மனைவி தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"ஆறும்?"

"ம்."

"மேனேஜர் என்ன பண்றார்?"

மேனேஜரைப் பற்றி மட்டும் மூச்சு விடாமல் சொல்வார். இப்போதுதான் கல்லைப் புரட்டிப் பார்த்தார், இப்போதுதான் பஞ்சுப் பெட்டிக்குப் பின்னால் போனார் என்று. "எங்க, வீடியோல காட்டுங்க" என்றால் சிக்னல் இல்லை என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது ஒரு வேளைக் காரியம். நாலு மீனைத் தினம் தினம் மறைக்க வேண்டியிருந்தது. போனை வைத்ததும் தொட்டியைப் பார்ப்பார். மேனேஜரும், வாலில் நிறமே இல்லாத ஒரு நோஞ்சான் கப்பியும். இதுவும் போய்விட்டால் பேத்தியின் முகத்தை மூன்று மாதம் கழித்து, அதுவும் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றும். மனைவியின் அக்காவை அன்றைக்கு அவர் நிறுத்திய அதே இடம்.

கிருமி கொல்லும் அறைக்கு இரண்டு மாடி கீழே குழந்தைகள் வார்டு. அதன் கூடத்தில் ஒரு மீன் தொட்டி உண்டு. பாசி பிடித்து, கண்ணாடி பச்சையாகி, உள்ளே இருப்பது மீனா இலையா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதை வைத்துக் காப்பாற்றுகிறவள் வார்டு ஆயாம்மா. அந்தத் தொட்டியை அப்புறப்படுத்தச் சொல்லி நம் ஆவி அண்ணன் ஏழு வருஷத்தில் மூன்று மனு எழுதியிருக்கிறார். ஊசி போடும்போது பிள்ளைகள் அந்த மீனைப் பார்த்துக்கொண்டு அழாமல் இருக்கின்றன என்று ஆயாம்மா மூன்று தடவையும் போய்ப் பேசித் தொட்டியைக் காப்பாற்றிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் லிஃப்டில்கூட ஒன்றாகப் போனதில்லை.

ஒன்பதாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் படி இறங்கிப் போய் அந்தத் தொட்டியின் முன்னால் நின்றார். உள்ளே பன்னிரண்டு மீன். ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று. அவர் கணக்குப்படி இவையெல்லாம் செத்து ஏழு வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

"என்ன அண்ணே, நாலாவது மனுவா?" பின்னால் ஆயாம்மாவின் குரல். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் துடைப்பம்.

"இல்ல ஆயாம்மா."

"'நோய்க்கிருமிகளின் குடியிருப்பு'ன்னு எழுதியிருந்தீங்களே. எனக்கு மனப்பாடம். ரெண்டாவது மனுவை நானேதான் கொண்டுபோய் ஆபீஸ்ல கொடுத்தேன், உள்ள என்ன இருக்குன்னு தெரியாம."

அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தரையைப் பார்த்தார். "எங்க வீட்ல மீன் சாகுது. நாலு போயிடுச்சு. ரெண்டுதான் இருக்கு. இதுங்க எப்படிப் பொழச்சுக் கிடக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

ஆயாம்மா இடுப்புக் குழந்தையைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். "என்னென்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னார். கொதிநீர், கூழாங்கல், பஞ்சு, இருபது நிமிஷம். ஆயாம்மா கேட்டுக்கொண்டே வந்தவள் பஞ்சு வந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, பாலைத் தயிராக்கணும்னா என்ன பண்றோம்? பழைய தயிர் ஒரு கரண்டி எடுத்து உறை ஊத்தறோம். அந்தக் கரண்டி இல்லாம பாலை மட்டும் நாளெல்லாம் காய்ச்சினா தயிராகுமா?"

"ஆகாது."

"மீன் கழிவெல்லாம் தண்ணியிலதானே சேருது? அதுதான் விஷம். அதைத் தின்னு தீர்க்க கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் வேணும். புதுத் தொட்டியில அது இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா வந்து கல்லுல, பஞ்சுல குடியேறும். அது வந்து பாயை விரிக்கிறதுக்குள்ள நீங்க கொதிக்க வச்சுட்டீங்க. திரும்ப வந்துச்சு, திரும்பக் கொதிக்க வச்சீங்க." அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "யாரைக் கொன்னீங்க தெரியுமா? துப்புரவு பண்றவங்களை. நம்ம ஆளுங்க அண்ணே அவங்க. உங்க வேலையும் என் வேலையும் பார்க்கிறவங்க."

இது அவர் நெஞ்சில் தைத்தது. கிருமி என்றால் ஒரே சாதி, ஒரே தண்டனை என்று முப்பது வருஷம் இருந்தவர். அதில் துடைப்பம் பிடிக்கிறவர்களும் உண்டு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

ஆயாம்மா தொட்டியின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு பஞ்சில் ஒன்றை எடுத்தாள். கன்னங்கரேலென்று இருந்தது. சேற்று வாசம். ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தத் தொட்டித் தண்ணீரையே ஊற்றி அதில் போட்டு முடிச்சுப் போட்டாள். "உங்க பெட்டியில உங்க பஞ்சுக்குப் பக்கத்துல இதை வைங்க. காயக் கூடாது. குழாய்த் தண்ணி படக் கூடாது. தீனி ரெண்டு நாளைக்கு ஒருக்கா, துளி. தண்ணி மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா வாளியில வச்சு ஒரு மக்கு மாத்துங்க. மத்தபடி பத்து நாள் தொட்டிக்குள்ள உங்க கை போகக் கூடாது." பையைக் கொடுக்கப் போனவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கழுவிடுவீங்களா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா ஆயாம்மா."

கத்திகள் போகும் மூடி போட்ட ஸ்டீல் பெட்டி ஒன்று பழுதாகி ஓரமாகக் கிடந்தது. மேற்பார்வையாளரிடம் கேட்டு அதை வாங்கி, பையை அதற்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நாற்றம் என்று ஒருவர் இவரிடமிருந்து விலகிப் போகிறார். அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததும் கால் தானாகக் குழாயடிக்குப் போனது. குழாயைத் திறந்துவிட்டார். பஞ்சு இடது கையில். அதிலிருந்து கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு அலசு, மேலாக, யாருக்குத் தெரியப்போகிறது? கை நீண்டது. அந்த மூன்று நிமிஷத் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு முன்கூட்டி எடுத்தது தப்பு. இன்றைக்குக் கழுவுவது தப்பு. இரண்டும் ஒரே அவசரத்தில் பிறந்த தப்பு. குழாயை மூடினார். ஓடிப்போய்ப் பஞ்சைப் பெட்டியில் செருகினார். தொட்டி முழுவதும் ஒரு பழுப்புப் புகை பரவியது. நோஞ்சான் கப்பி பயந்து கல்லுக்கடியில் போய்விட்டது. அவருக்கும் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

தன் கையைத் தானே நம்பாமல், பொட்டலம் ஒட்டுகிற டேப்பை எடுத்துத் தொட்டி மூடியைச் சுற்றி ஒட்டினார். தீனிக்கும் அந்த ஒரு மக்குத் தண்ணீருக்கும் ஒரு மூலையை மட்டும் விட்டு, ஆப்பரேஷன் பொட்டலத்தில் எழுதுவது போலவே டேப்பின் மேல் தேதியும் எழுதி, 'திறக்கக் கூடாது' என்று கையெழுத்தும் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. குட்டி போட்ட பூனை மாதிரி தொட்டிக்கும் சமையலறைக்கும் அலைந்தார். இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் ஏறியது. துடைக்கத் துடித்த கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். முடியாமல் எழுந்து மாடிப்படி முழுவதையும் கழுவினார். பக்கத்து வீட்டுக் கதவுக் கைப்பிடியையும் துடைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்று துணியோடு ஓடிவந்தார். வேலையிலும் இதே கதைதான். மதியம் ஆனால் இறங்கிப் போய் ஆயாம்மாவிடம், மேலே வந்து மூச்சு வாங்குகிறது, தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது, மேனேஜர் சாப்பிடவில்லை என்று புகார் சொல்வார். அவள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "உறை ஊத்தின பாத்திரத்தை ஆட்டக் கூடாது அண்ணே."

டேப் ஒட்டிய ஐந்தாம் நாள் கப்பி மேல்மட்டத்தை விட்டுக் கீழே இறங்கியது. ஏழாம் நாள் கண்ணாடியில் இருந்த பழுப்புப் படலத்தை மேனேஜர் வாயால் கொத்திக் கொத்தித் தின்றார். இவர் துடைக்கத் துடித்தாரே, அதைத்தான். ஒன்பதாம் நாள் மேனேஜர் கப்பியைத் துரத்த, கப்பி வாலை ஆட்டிக்கொண்டு தொட்டி முழுக்கச் சுற்றியது. தண்ணீர் லேசான மஞ்சளில் அமைதியாக நின்றது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். மனைவி எதற்காக இதை வாங்கினாள் என்று அன்றுதான் தெரிந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் போன் அடித்தது. மனைவி என்று எடுத்தால், மகள். குழந்தை பிறந்த பிறகு அவரிடம் அவளாகப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"இவளைத் தூக்கவே பயமா இருக்குப்பா. தூக்கறதுக்கு முன்னாடி அஞ்சு தடவை, ஆறு தடவை கை கழுவறேன். அப்பவும் சுத்தமாகலன்னு தோணுது. அம்மாவைத் தூக்கச் சொல்லிட்டு நான் தள்ளி நிக்கறேன். உங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டு நானே அதைத்தான் செய்யறேன்." பிறகு கேட்டாள். "நான் பிறந்தப்ப உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

அவர் தொட்டியைப் பார்த்தார். இப்போதும் சொல்லாமல் விடலாம். ம் என்று சொல்லி வைத்துவிடலாம்.

"நான் உன்னைத் தூக்கவே இல்லம்மா. அம்பத்தாறு நாள்."

மகள் பேசுவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஊர்ல உள்ளவங்க கையெல்லாம் அழுக்குன்னு அப்பா நினைக்கிறார்னு நீ நினைச்சுட்டிருக்க. என் கைதாம்மா. நாள் பூரா சீழும் ரத்தமும் கழுவற கை. ஒரு தடவை அந்தக் கையால ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தக் கையை உன் மேல வைக்க எனக்குப் பயம். நான் தொடாதப்ப மத்தவங்க எப்படித் தொடலாம்னு ஒரு முட்டாள்தனம். அவ்வளவுதான்." ஆரம்பித்த வேகத்தில் மிச்சமும் வந்துவிட்டது. "இன்னொண்ணு. அம்மாகிட்ட ஆறு மீனும் இருக்குன்னு சொன்னது பொய். நாலு செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். கழுவிக் கழுவிக் கொன்னேன்."

"நாலா!" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "தினம் ஆறுன்னு சொன்னாரே இந்த மனுஷன்!"

"இரும்மா" என்றாள் மகள். பிறகு அவரிடம், "மிச்சம் ரெண்டு?"

"நல்லா இருக்கு. பத்து நாளா தொட்டிக்குள்ள நான் கை வைக்கல."

"பத்து நாளா? நீங்களா?"

"டேப் ஒட்டி வச்சிருக்கேம்மா."

மகள் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டும்போலத்தான் இருந்தது. "ஞாயித்துக்கிழமை வாங்கப்பா" என்றாள்.

சனிக்கிழமை வீட்டுச் சாவியை ஆயாம்மாவிடம் கொடுத்தார். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா துளி தீனி. சாயங்காலம் லைட்டை அணைக்கணும். மத்தபடி ஒண்ணும் பண்ணாதீங்க" என்றார். வார்டுப் படியில் ஒரு தடவை சொன்னார், கேட் அருகே போய்த் திரும்பி வந்து ஒரு தடவை சொன்னார். மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தபோது ஆயாம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "யாருக்கு யார் சொல்றது! பஸ்ஸைப் பிடிங்க அண்ணே."

மகள் வீட்டுக் கூடத்தில் மனைவி, மகள், மருமகன், எதிர்வீட்டு அம்மாள் எல்லாரும் இருந்தார்கள். அவர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. அவர் நேராக வாஷ்பேசினுக்குப் போனார். எல்லார் கண்ணும் பின்னாலேயே போயின. சோப்புப் போட்டார், விரலிடுக்கில் தேய்த்தார், அலசினார். குழாயை மூடினார். பக்கத்தில் தொங்கிய, ஏற்கெனவே யாரோ துடைத்த துண்டிலேயே துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். மனைவி குழந்தையை அந்தக் கையில் வைத்தாள். குழந்தை கொட்டாவி விட்டது.

பக்கத்தில் நின்ற மகளின் கைகளை அப்போதுதான் பார்த்தார். விரல் கணுக்கள் சிவந்து, தோல் வெடித்து, அங்கங்கே ரத்தம் கட்டியிருந்தது. முப்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற கை. தன்னுடைய கை. வேறெதையும் இவளுக்குக் கொடுக்காமல் இதையா கொடுத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"நீ வச்சுக்கோம்மா" என்று குழந்தையை நீட்டினார்.

"இதோ, கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

"இப்பதானே கழுவின?"

"இன்னொரு தடவைப்பா."

"போதும்மா" என்றார் அவர். "ஒரு தடவை போதும். வந்து உக்காரு."

வாஷ்பேசினுக்குப் பாதி வழி போயிருந்தவள் அங்கேயே நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.